காது கேட்கட்டும், நாவு பேசட்டும்!

நம் வீடுகளில் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டு வரும் மதிப்பெண் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் பாடத்தில் எண்பதும் தொண்ணூறும் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, "உன்னைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லம்மா" என்று கேளுங்கள். தலை தாழ்ந்துவிடும். சொற்கள் தொண்டைவரை வந்து நின்றுவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் படித்த ஒரு மொழி, தேவைப்படும் நேரத்தில் நாவில் எழ மறுப்பது ஏன்?

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நான் பணியில் சேர்ந்தபோது இவை இரண்டும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி இது. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உண்டு. ஆனால் ஒரு கிராமத்துப் பெண் பிள்ளையின் காதில் ஆங்கிலம் விழுவதற்கு இங்கே என்ன வாய்ப்பு இருந்தது? வகுப்பறையின் நாற்பது நிமிடங்கள் மட்டுந்தான். அதிலும் ஆசிரியர் பாடத்தை வாசித்துத் தமிழில் பொருள் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வு கையைத்தான் சோதித்ததேயன்றி, நாவைச் சோதிக்கவில்லை.

கண்ணால் மட்டும் கற்ற மொழிக்கு ஒரு குறை உண்டு. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. புதன்கிழமையைக் குறிக்கும் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை 'வெட்னஸ்டே' என்கிறது. பேசுவோர் வாயில் அது 'வென்ஸ்டே'. கடனைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்து வாய் திறப்பதே இல்லை. 'டெட்' என்றுதான் ஒலிக்கிறது. நாம் தமிழில் எல்லா அசைகளுக்கும் ஏறத்தாழச் சமமான நேரம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலமோ ஓர் அசையை அழுத்தி, பக்கத்து அசைகளை விழுங்கிவிடுகிறது. 'வெஜிடபிள்' என்று நாம் நிதானமாகச் சொல்வதை அவர்கள் 'வெஜ்டபிள்' என்று முடித்துவிடுவார்கள். இவற்றையெல்லாம் எந்தப் புத்தகத்தால் முழுமையாகக் கற்பிக்க முடியும்? காதால் கேட்டாலன்றி விளங்காது.

இந்த உண்மையை உலகம் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்துகொண்டது. 1901இல் இலண்டனில் தொடங்கப்பட்ட லிங்குவாஃபோன் நிறுவனம், இசைத்தட்டுகளின் வழியே மொழிகளைக் கற்பித்தது. பி.பி.சி. வானொலி 1943இல் ஆங்கிலப் பாட ஒலிபரப்பைத் தொடங்கியது. 1959இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற பெயரில், சுமார் 1500 சொற்களுக்குள் அடங்கிய எளிய ஆங்கிலத்தில், நிதானமான வேகத்தில் செய்திகளை வாசிக்கத் தொடங்கியது. என் இளமையில் சிற்றலை வானொலியின் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல்களைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் புரியாமல் போனால் போனதுதான். வானொலி நமக்காக இன்னொரு முறை சொல்லாது. பின்னர் ஒலிநாடா வந்தது. திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு டேப் ரிக்கார்டர் வேண்டும். நாடாவை வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும்.

இன்றைய நிலை அப்படியில்லை. 2016க்குப் பின்னர் கைப்பேசியில் இணையத்தின் விலை வெகுவாகக் குறைந்தது. 2018இல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பக்கங்களில் சதுரக் குறியீடுகள் அச்சாயின. அவற்றைக் கைப்பேசியால் படம் பிடித்தால் பாடத்துக்குரிய காணொலி திறக்கும். 2019இல் அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பி.பி.சி.யின் ஆங்கிலப் பாடங்களை யூடியூபில் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒரு காலத்தில் பணம் படைத்தவருக்கு மட்டுமே கிடைத்த ஆசான், இன்று லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அடுப்படி அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறார்!

அப்படியானால் நம் பிள்ளைகள் எல்லோரும் இந்நேரம் சரளமாகப் பேசியிருக்க வேண்டாமா? பேசவில்லையே. ஏன் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையால் விளக்குகிறேன்.

அந்த வீட்டின் தலைவர் இருபது ஆண்டுகளாகத் துபையில் வாகனம் ஓட்டுகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய மகள் இளங்கலை அறிவியலில் முதல் வகுப்பில் தேறியவள். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அவர் ஒருநாள் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வில், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது மூன்று வாக்கியங்களோடு மகள் நின்றுவிட்டாள் என்பதுதான் அவருடைய கவலை.

"டீச்சர், நான் படிக்காதவன். அங்கே பிலிப்பைன்ஸ்காரன், எகிப்துக்காரன், வெள்ளைக்காரன் எல்லோரிடமும் தப்போ சரியோ இங்கிலீஷில் பேசிச் சமாளித்துக்கொள்கிறேன். இவள் இவ்வளவு படித்தும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாளே!" என்றார்.

மகள் தரையைப் பார்த்தபடி, "அத்தா பேசுகிற இங்கிலீஷில் இலக்கணமே இருக்காது டீச்சர்" என்றாள்.

இருவர் சொன்னதும் உண்மை. தந்தைக்கு நாவு இருந்தது, இலக்கணம் இல்லை. மகளுக்கு இலக்கணம் இருந்தது, நாவு இல்லை. தந்தைக்குக் கற்பித்தது எது? தேவை! கேட்டதைப் புரிந்துகொள்ளாவிட்டால், பதில் சொல்லாவிட்டால், அன்றைய வேலை நடக்காது. ஆகவே கேட்டார், கேட்டதைத் திருப்பிச் சொன்னார், தவறினார், மறுநாள் மீண்டும் சொன்னார்.

மகளும் சும்மா இருக்கவில்லை. ஆறு மாதமாக நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பாடக் காணொலிகளைப் பார்த்து வந்திருக்கிறாள். எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று பார்த்தாளாம். அந்த ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து ஓர் ஆங்கில வாக்கியமாவது ஒலியோடு வெளிவந்ததா? இல்லை. நீச்சல் வீரரைக் கரையிலிருந்து எத்தனை மாதம் பார்த்தாலும் நமக்கு நீச்சல் வராது. கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு திறமை. சொல்லைத் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, நாவையும் உதட்டையும் இயக்கி வெளியே விடுவது இன்னொரு திறமை. முன்னது இல்லாமல் பின்னது வராது; ஆனால் முன்னது மட்டும் இருந்தால் பின்னது தானாக வந்துவிடாது.

இதை விளக்க நான் எந்த மேல்நாட்டு அறிஞரையும் துணைக்கு அழைக்கவில்லை. "நீ மதரஸாவில் எப்படி ஓதக் கற்றாய்?" என்று மட்டும் கேட்டேன்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த முறைதானே அது! ஹஜ்ரத் முதலில் ஓதிக் காட்டுவார். பிள்ளை கூர்ந்து கேட்கும். பின்னர் உரக்கத் திருப்பிச் சொல்லும். பிழை இருந்தால் ஹஜ்ரத் அந்த இடத்திலேயே நிறுத்தி, நாக்கு எங்கே பட வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும் என்று திருத்துவார். அது சரியாகும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார். எகிப்தின் புகழ்பெற்ற காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிய ஒலிப்பதிவு 1961இல் வெளிவந்தது. அத்தகைய பதிவுகளைக் கேட்டு, நிறுத்தி, கூடவே ஓதித் தம் ஓதலைச் செம்மைப்படுத்திக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. திருமறையின் கண்ணியம் வேறு. ஒரு மொழிப் பாடத்தை அதற்கு நிகராக்கிச் சொல்லவில்லை. கற்பிக்கும் முறையை மட்டுமே சுட்டிக் காட்டுகிறேன்.

இன்னும் ஒரு செய்தி. தமிழில் இல்லாத சில ஒலிகளால்தான் நம்மவரின் ஆங்கிலம் தடுமாறுகிறது. ஆனால் தஜ்வீதோடு ஓதக் கற்ற பிள்ளைக்கு அவற்றில் பல முன்பே பழக்கமானவை. நன்றி சொல்லும் 'தேங்க்ஸ்' என்ற சொல்லின் முதல் ஒலி எது? அரபு அரிச்சுவடியில் நான்காவதாக, மூன்று புள்ளிகளோடு வரும் எழுத்தின் ஒலிதான் அது. நுனி நாக்கை மேற்பல்லின் விளிம்பில் வைத்துக் காற்றை விட வேண்டும். 'திஸ்' என்ற சொல்லின் முதல் ஒலி, தாலுக்கு மேல் ஒரு புள்ளி வைத்த எழுத்தின் ஒலி. 'ஜீரோ' என்று நாம் எழுதும் சொல்லின் முதல் ஒலி, ராவுக்கு மேல் புள்ளி வைத்த எழுத்தில் இருக்கிறது. ஃபாவும் ஷீனும் ஆங்கிலத்திலும் அப்படியே வருகின்றன. இதை நான் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தனக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணியிருந்தவளுக்கு, ஐந்து வயதிலேயே பாதி வழி நடந்துவிட்டோம் என்று தெரிந்தது.

எஞ்சியிருப்பவை சில. தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால், பேரிக்காயைச் சொல்கிறோமா, கரடியைச் சொல்கிறோமா என்று கேட்பவருக்கு ஐயம் எழும். மெய்யில் முடியும் சொற்களுக்கு 'உ'கரம் சேர்த்து 'புக்கு', 'பஸ்ஸு' என்போம். இவற்றைப் பயிற்சியால் மாற்றிக்கொள்ளலாம்.

என் வீட்டு மாடியில் அன்று தொடங்கிய வகுப்பில் பின்னர் மேலும் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். நாங்கள் கடைப்பிடித்த முறையை இங்கே தருகிறேன். பணச் செலவு இல்லை; நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும்.

முதலில், ஒரு நிமிடத்துக்கு மிகாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி இதற்கு ஏற்றது. இருவர் உரையாடுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, முடிவில் விடை சொல்வார்கள், இடையே ஆறு சொற்களை விளக்குவார்கள், பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கும். ஆறு நிமிடத்தையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் ஆறு நாளைக்கு வரும். வெள்ளிக்கிழமை விடுமுறை!

எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். பின்னர் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். வேகம் அதிகமாகத் தோன்றினால், யூடியூபில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கும் வசதி இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி உரக்கச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் போதாது, அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். ஏற்ற இறக்கத்தையும், எந்த அசை அழுந்துகிறது என்பதையும் அப்படியே பின்பற்றுங்கள்.

பின்னர் அதே பகுதியை நீங்கள் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மூலத்தையும் உங்கள் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்பது முதல் சில நாட்கள் கூச்சமாக இருக்கும். ஆனால் நம் பிழையை நம் காதே கண்டுபிடிப்பதைப் போன்ற பாடம் வேறில்லை. பேசுவதை எழுத்தாக்கும் வசதியும் கைப்பேசியில் உண்டு. அதனிடம் ஆங்கில வாக்கியம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் பேரிக்காய் என்று நினைத்துச் சொன்னதை அது கரடி என்று எழுதினால், எங்கே திருத்த வேண்டும் என்பது புரிந்துவிடும். அந்தக் கருவியும் தவறும். ஆகவே அதை நீதிபதியாக்காமல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் படிதான் மிக முக்கியமானது. கேட்டதை மூடி வைத்துவிட்டு, சொந்தச் சொற்களில் ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும். கருவியோடு பேசிப் பழகியவள் மனிதருக்கு முன் மீண்டும் ஊமையாகிவிடக் கூடாதல்லவா? இங்கேதான் துபையில் இருக்கும் தந்தை துணைக்கு வந்தார். மகள் நாள்தோறும் இஷாவுக்குப் பின் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புவாள். தந்தை வேலை முடிந்ததும் ஆங்கிலத்திலேயே பதில் அனுப்புவார். அவருடைய இலக்கணத்தை அவள் மெதுவாகத் திருத்தினாள். அவளுடைய தயக்கத்தை அவர் கரைத்தார். "இவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு நான் இவளோடு பேசியதில்லை டீச்சர்" என்று ஒருமுறை அவர் சொன்னபோது எனக்குக் கண்கள் நிறைந்தன.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இரண்டாவது மாதத்தில் தாயார் கைப்பேசியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பெண் பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னாராம். அந்தத் தாயை நான் குறை கூற மாட்டேன். கைப்பேசியில் என்னென்ன தீமைகள் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம். நல்ல பாடம் ஒன்று முடிவதற்குள் பத்து வீண் காட்சிகளை அது கண்முன் நீட்டுகிறது. அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஆண் பிள்ளை ஆங்கிலம் கேட்க வேண்டுமானால் கடைத்தெரு இருக்கிறது, திருச்சி இருக்கிறது, வளைகுடா இருக்கிறது. நம் பெண் பிள்ளைக்கு அந்தச் சின்னத் திரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பூட்டிவிட்டால் தீமையோடு ஆசானும் உள்ளேயே போய்விடுகிறார்.

ஆகவே நானும் அந்தத் தாயும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மஃரிபுக்குப் பின் இருபது நிமிடம். கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது. காதுக் கருவி இல்லாமல், உரத்த ஒலியில். பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் இணையத்தை நிறுத்திவிடலாம். உரக்கச் சொல்ல வேண்டும் என்ற எங்கள் விதிக்கும், கண் பார்வையில் இருக்க வேண்டும் என்ற தாயின் விருப்பத்துக்கும் இந்த ஏற்பாடு ஒருசேரப் பொருந்திவிட்டது. சில வாரங்களில் அந்தத் தாயே, பாத்திரம் துலக்கியபடி, "வாட் டிட் யூ டூ டுடே?" என்று மகளிடம் கேட்கத் தொடங்கினார்!

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை ஆங்கிலம் பேச முயலும்போது, தம்பி சிரிப்பான். மாமா, "துரையம்மா வந்துவிட்டாள்" என்பார். விளையாட்டாகச் சொல்லப்படும் அந்த ஒரு சொல் ஆறு மாதப் பயிற்சியை அழித்துவிடும். பிழையோடு பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத வீடுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம்.

முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று ஆசை காட்டும் காணொலிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இலண்டன்காரர் போலவே பேச வேண்டும் என்ற ஏக்கமும் தேவையில்லை. எதிரில் இருப்பவருக்குத் தெளிவாக விளங்கினால் போதும்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அடுத்து அவள் சென்ற நேர்முகத் தேர்விலும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கும் மேலாகப் பேசிவிட்டு வந்தேன் என்று நிமிர்ந்த தலையோடு சொன்னாள். அதற்கடுத்த தேர்வில், அல்ஹம்துலில்லாஹ், திருச்சியில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வாரவிடுமுறையில் என் மாடியில் இளையவர்களுக்கு அவள்தான் இப்போது பாடம் நடத்துகிறாள்.

நம் மாவட்டங்களும் மாறி வருகின்றன. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணித் தொழிற்பூங்காவுக்கும், 2024இல் ஜெயங்கொண்டத்தில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனத்தின் ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. இயந்திரத்தின் முன் நிற்கத் தமிழ் போதும். மேற்பார்வை செய்யவும், கணக்கை விளக்கவும், வெளிநாட்டுக்காரரிடம் நம் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்லவும் ஆங்கிலம் வேண்டும். அந்த இடங்களில் நம் பிள்ளைகள் அமர வேண்டுமா, வெளியூரிலிருந்து வருவோர் அமர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இந்த இதழைப் படிக்கும் தாய்மார்களே, அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுத்துத் தொடங்க வேண்டாம். இன்று மஃரிபுக்குப் பின் கூடத்தில் பாயை விரியுங்கள். ஒரு நிமிடப் பாடம் ஒன்று ஒலிக்கட்டும். பிள்ளை உரக்கச் சொல்லட்டும். தவறினால் சிரிக்காமல், "இன்னொரு முறை சொல்லும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், பூட்டிய நாவு திறக்கும்.